இலத்தீன் ஆசிரியைக்குச் சேதி சொன்னோம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் ஐவர் சார்பில் ஒருத்தி)

உலகில் வழங்கும் மொழிகளுக்குத் தாய்மார் உண்டு. தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாய் சொல்லித் தரும் மொழியைத்தான் நாம் தாய்மொழி என்கிறோம். தமிழை எங்களுக்கு யாரும் முதலில் இலக்கணம் வைத்துக் கற்பிக்கவில்லை. சோறூட்டும்போதே அதையும் சேர்த்து ஊட்டிவிட்டார்கள். ஆனால் தாலாட்டுப் பாட ஒரு தாயும் இல்லாமல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடிருக்கும் மொழி ஒன்றும் உண்டு. அதுதான் இலத்தீன். அதைத் தாய்மொழியாகக் கொண்ட ஊர் ஒன்றும் இன்று இல்லை. அதற்கு இருப்பவர்கள் ஆசிரியர்கள் மட்டுமே. ஒரு தலைமுறை ஆசிரியர்கள் ஓய்ந்துவிட்டால் அம்மொழியும் ஓய்ந்துவிடும். அப்படி ஓய்ந்துவிடாதிருக்க அவர்கள் என்னென்ன பாடுபடுகிறார்கள் என்பதை இக்கல்வியாண்டில் நாங்கள் ஐவர் தேடித் தெரிந்துகொண்டோம். அதனை இம்மலர் வாயிலாக அன்புள்ள சிஸ்டர்களுக்கும் பெற்றோருக்கும் சக மாணவியருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

தேடத் தொடங்கிய கதை

நாங்கள் ஐவரும் பள்ளிப் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை ஆசீரின்போது ‘தாந்தும் எர்கோ’ பாடுவோம். புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நீண்ட பாடலின் கடைசி இரண்டு பகுதிகள் அவை. ராகம் எங்களுக்கு மனப்பாடம், பொருள்தான் தெரியாது. இப்பாடலை எங்களுக்குக் கற்றுத் தருபவர் நம் கன்னியர் மடத்தில் ஓய்வில் இருக்கும் மூத்த சிஸ்டர் ஒருவர். வயது 83. தம் பெயரை மலரில் போடக் கூடாது என்று அவர் அன்புக் கட்டளை இட்டிருப்பதால், ‘சிஸ்டர்’ என்றே இங்குக் குறிப்பிடுகிறோம்.

சென்ற ஜூன் மாதம் ஒருநாள், “இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் சிஸ்டர்?” என்று கேட்டோம். அவர் கண்களை அகல விரித்தார். “இத்தனை வருஷத்தில் இதைக் கேட்ட முதல் பிள்ளைகள் நீங்கள்தான். அர்த்தம் தெரியாமல் பாட வேண்டுமானால் கிளியே போதுமே! சனிக்கிழமை மத்தியானம் வாருங்கள்” என்றார். தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களும் மனமுவந்து அனுமதி தந்தார்கள். இப்படித்தான் எங்கள் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. அதற்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

முதல் நாள் சிஸ்டர் இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. “இந்த அறையில் இருக்கிற இலத்தீன் சொற்களை முதலில் எண்ணுவோமா?” என்றார். நாங்கள் விழித்தோம். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். புத்தகம் வைத்திருந்த மேசை, இலத்தீனில் ‘மென்சா’. மூலையில் நின்ற அலமாரி, ‘அர்மாரியும்’. அதைத் திறக்கும் சாவி, ‘கிளாவிஸ்’. காற்று வரும் சன்னலோ, கதவைக் குறிக்கும் ‘யானுவா’ என்ற சொல்லின் பேத்தி. இந்தச் சொற்கள் இலத்தீனிலிருந்து போர்த்துகீசியத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி நம் கடற்கரைக்கு வந்து, நம் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டன. நாங்கள் தினமும் இலத்தீன் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது!

அடுத்த வாரம் வேற்றுமை. ‘மாத்தெர் ஃபீலியாம் வோக்கத்’ என்றால் ‘தாய் மகளை அழைக்கிறாள்’. ‘ஃபீலியா’ என்றால் மகள். ‘ஃபீலியாம்’ என்றால் மகளை. சொற்களை எப்படி இடம் மாற்றி வைத்தாலும் பொருள் மாறாது. ‘மகளை அழைக்கிறாள் தாய்’ என்றாலும், ‘அழைக்கிறாள் தாய் மகளை’ என்றாலும் நமக்குப் புரிகிறதல்லவா? அதுபோலத்தான். “ஆங்கிலப் பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்ளத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இலத்தீனில் ஆறு வேற்றுமைதான், தமிழில் எட்டு. எட்டை வைத்துக்கொண்டு ஆறுக்குப் பயப்படலாமா?” என்று சிஸ்டர் சிரித்தார்.

ஒருநாள் வகுப்பு முடியும்போது அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “பிள்ளைகளா, இப்போது இலத்தீன் சொல்லிக் கொடுக்கிறவர்கள் உலகத்தில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா? என்ன புத்தகம் வைத்துக் கற்பிக்கிறார்கள்? எனக்குக் கண் சரியில்லை. நீங்கள் பார்த்துவந்து சொல்லுங்களேன்.” அறுபது ஆண்டுகளாகத் தம்மோடு பேச ஒரு சக ஆசிரியர்கூட இல்லாமல் இருந்தவரின் கேள்வி அது. மறுவாரம் முதல், கணினி ஆசிரியையின் மேற்பார்வையில், நாங்கள் அவருக்குச் சேதி சேகரிக்கத் தொடங்கினோம்.

அடைபட்ட இரண்டு கதவுகள்

முதலில் கிடைத்த சேதி மகிழ்ச்சியானது அன்று. ஐரோப்பாவில் நெடுங்காலம் இலத்தீன் தெரியாமல் உயர்கல்வி இல்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் எந்தப் பாடம் படிக்கச் சேருவதானாலும் இலத்தீனில் தேர்ச்சி வேண்டியிருந்தது. 1960-இல் அவ்விரண்டும் அந்தக் கட்டாயத்தை நீக்க முடிவு செய்தன. அடுத்து, 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் அந்தந்த நாட்டு மொழிகளுக்கு இடம் தந்தது. ஒரே பத்தாண்டில் பல்கலைக்கழகம், ஆலயம் என்னும் இரண்டு பெரிய கதவுகளும் இலத்தீனுக்கு அடைபட்டன.

“இனி மாணவர்கள் நம்மிடம் வரமாட்டார்கள், நம் மொழி அழிந்துவிடும்” என்று எத்தனையோ ஆசிரியர்கள் அஞ்சினார்கள். ஆனால் அவர்களுள் சிலர் வேறுவிதமாக எண்ணிப் பார்த்தார்கள். ‘இதுவரை பிள்ளைகள் கட்டாயத்தால் வந்தார்கள். இனி விரும்பி வரவேண்டும். அப்படியானால் நம் புத்தகம் மாறவேண்டும்’ என்பதே அவர்கள் கண்ட வழி.

புதிய புத்தகங்கள்

1966-இல் கேம்பிரிட்ஜில் ஒரு குழு கூடிப் பல ஆண்டுகள் உழைத்தது. அதன் பயனாக 1970-இல் ‘கேம்பிரிட்ஜ் இலத்தீன் பாடநூல்’ வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம் மாணவர்கள் விகுதிப் பட்டியல்களை உருப்போட்ட பிறகுதான் வாசிக்க முடியும். இந்நூலோ முதல் பக்கத்திலேயே ஒரு குடும்பக் கதையைத் தொடங்கிவிடுகிறது. பொம்பேயி நகரத்து வங்கியாளர் கெக்கீலியுஸ், அவர் மனைவி மெதெல்லா, மகன் குவிந்துஸ், சமையற்காரர் குரூமியோ, வீட்டு நாய் கெர்பெருஸ் ஆகியோரே கதைமாந்தர். கெக்கீலியுஸ் கற்பனை மனிதர் அல்லர். 1875-இல் பொம்பேயியில் அவர் வீட்டைத் தோண்டியபோது, அவருடைய வரவு செலவுகளைக் காட்டும் 150-க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் ஒரு பெட்டியில் கிடைத்தன. கதையில் முதல் புத்தகத்தின் முடிவில், கி.பி. 79-இல், வெசூவியுஸ் எரிமலை வெடிக்கிறது. அந்தப் பகுதியைப் படித்துவிட்டு அழாத மாணவர்கள் குறைவாம்.

இச்சேதியைச் சொன்னபோது சிஸ்டர், “அம்மாவும் மகனும் சமையற்காரனும் நாயும்கூட இருக்கிறார்கள். வீட்டில் பெண்பிள்ளை இல்லையா?” என்று கேட்டார். நாங்கள் மீண்டும் போய்த் தேடினோம். என்ன வியப்பு! இதே கேள்வியை அந்நாட்டு ஆசிரியைகளும் மாணவியரும் கேட்டிருக்கிறார்கள். கதையில் பெண்களுக்கு வேலையே இல்லை என்றும், அடிமைகளின் துன்பம் மறைக்கப்பட்டிருக்கிறது என்றும் குறை சொல்லியிருக்கிறார்கள். அதனால் 2022-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கெக்கீலியுஸுக்கு லூக்கியா என்ற மகள் சேர்க்கப்பட்டிருக்கிறாள். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வீட்டில் ஒரு பெண் பிறந்தாள்! 2020-இல் வெளிவந்த ‘சுபுரானி’ என்னும் மற்றொரு பாடநூலில், ரோமாபுரியின் நெருக்கடியான சுபூரா பகுதியில் வாழும் சபீனா என்ற பெண்ணே முதன்மைப் பாத்திரமாக இருக்கிறாள்.

டென்மார்க் நாட்டு ஆசிரியர் ஹான்ஸ் ஓர்பெர்க்கின் வழி வேறு. 1955-இல் அவர் முதன்முதல் வெளியிட்ட பாடநூலில் இலத்தீனைத் தவிர வேறு மொழியே கிடையாது. மொழிபெயர்ப்பும் இல்லை. ஒரு நாட்டுப்படத்தோடு அது தொடங்குகிறது. எது ஆறு, எது தீவு, எது நகரம் என்று படத்தைப் பார்த்தே மாணவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். தெரிந்த சொற்களைக் கொண்டே தெரியாத சொல்லை விளங்கவைப்பார். தாய் குழந்தைக்குக் கற்பிப்பதும் இப்படித்தானே! தாய் இல்லாத மொழிக்குப் புத்தகத்தையே தாயாக்கிவிட்டார் அவர்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக பார்பரா பெல் என்ற ஆசிரியை 1999-இல் ‘மினிமுஸ்’ என்ற நூலைத் தந்தார். மினிமுஸ் ஒரு சுண்டெலி. அது வாழும் இடம் வட இங்கிலாந்தில் உள்ள விந்தோலாந்தா என்ற பழைய ரோமானியக் கோட்டை. அந்தக் கோட்டையின் ஈர மண்ணிலிருந்து 1973 முதல், மையால் எழுதிய மெல்லிய மரச்சீவல் கடிதங்கள் கிடைத்துவருகின்றன. அவற்றுள் ஒன்று எங்கள் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. ஏறக்குறைய கி.பி. 100-இல் கிளவுதியா செவேரா என்ற பெண்மணி, கோட்டைத் தளபதியின் மனைவியான தன் தோழி சுல்பீக்கியா லெப்பிதினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் ஒருவர் எழுத, இறுதியில் சில வரிகளைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். பெண் ஒருத்தி இலத்தீனில் எழுதிய கையெழுத்துகளுள் நமக்குக் கிடைத்த மிகப் பழமையானவற்றுள் அதுவும் ஒன்று. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. “போரையும் அரசரையும் பற்றித்தான் நான் இலத்தீனில் படித்திருக்கிறேன். பிறந்தநாளுக்கு வா என்று கூப்பிட்ட பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்று சிஸ்டர் மெல்லச் சொன்னார்.

இத்தனையும் கேட்ட பிறகு அவர் எங்களுக்கு ஒரு சேதி சொன்னார். “அந்நிய மொழியைக் கற்பிக்கப் புத்தகம் செய்தவர்களைத் தேடுகிறீர்களே, அப்படி ஒருவர் நம் மண்ணிலேயே இருந்தாரே!” ஆம், இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர்தான் அவர். தமிழ் கற்க வந்த அயல்நாட்டுக் குருக்களுக்காக அவர் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணத்தை 1728-இல் இலத்தீனில் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. செந்தமிழுக்கும் தனியே இலத்தீனில் இலக்கணம் செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். தேம்பாவணி பாடியவர் என்று மட்டுமே நாங்கள் அறிந்திருந்த முனிவரை, பாடநூல் தயாரித்த ஓர் ஆசிரியராக அன்று கண்டோம்.

வானொலியும் சொற்சீட்டுகளும்

இலத்தீனில் வானொலிச் செய்தி உண்டு என்றால் நம்புவீர்களா? வடகோடியில் உள்ள பின்லாந்து நாட்டு வானொலி 1989-இல் வாரம் ஒருமுறை இலத்தீனில் செய்தி வாசிக்கத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் தொடர்ந்த அந்நிகழ்ச்சி 2019-இல் நின்றுபோனது. ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கான் வானொலி, வாரந்தோறும் ஐந்து நிமிட இலத்தீன் செய்தியைத் தொடங்கியது. ஒருவர் கீழே வைத்த விளக்கை மற்றொருவர் எடுத்துக்கொண்டது போல!

அச்செய்தி ஒன்றைச் சிஸ்டருக்குக் கேட்கச் செய்தோம். கணினி அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். குரல் ஒலிக்கத் தொடங்கியதும் அவர் ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. ஐந்து நிமிடம் முடிந்ததும், “கொஞ்சம் வேகமாக வாசிக்கிறார்கள். மறுபடியும் போடுங்கள்” என்றார். மூன்றுமுறை கேட்டார். மூன்றாம் முறை, திருத்தந்தை யாரைச் சந்தித்தார், எங்கே அமைதிக்காக வேண்டினார் என்று ஒவ்வொன்றாக எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். மடத்துச் சுவருக்குள் அவர் தனியாகக் காத்துவந்த மொழியில் அன்றாடச் செய்தி வந்ததைக் கேட்ட அவர் முகத்தை எங்களால் மறக்க முடியாது.

உச்சரிப்பில் இரண்டு மரபுகள் உண்டென்பதையும் அப்போதுதான் அறிந்தோம். திருச்சபை இத்தாலிய முறையில் ‘சிச்செரோ’ என்கிறது. இங்கிலாந்து, அமெரிக்கப் பள்ளிகளில் பழைய ரோமானியர் பேசியதாக அறிஞர் கண்ட முறைப்படி ‘கிக்கெரோ’ என்கிறார்கள். ‘சீசர்’ அவர்கள் வாயில் ‘கைசர்’ ஆகிறார். ஜெர்மானியப் பேரரசரைக் கைசர் என்றழைத்தது இதனால்தான். “மதுரைத் தமிழும் நெல்லைத் தமிழும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று சிஸ்டர் அந்தச் சண்டையை ஒரே சொல்லில் தீர்த்துவைத்தார்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1894-இல் ஓர் இலத்தீன் பேரகராதிப் பணி தொடங்கியது. கி.பி. 600 வரையிலான இலத்தீன் எழுத்துகளை எல்லாம் திரட்டி, ஏறத்தாழ 1 கோடி சீட்டுகளில் எழுதிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 130 ஆண்டுகள் கடந்தும் பணி முடியவில்லை. தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை. இன்று உழைப்பவர்களிலும் பலர் முடிவைக் காணமாட்டார்கள். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் ‘பெர்சியுஸ்’ என்ற மின்நூலகத்தை வளர்த்துவருகிறார்கள். அதில் ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பொருளும் வேற்றுமையும் வந்து நிற்கும். அதே நாட்டு டிக்கின்சன் கல்லூரி, பழைய இலத்தீன் நூல்களை உரைக்குறிப்புகளோடு எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது. இதைக் கேட்ட சிஸ்டர், “நான் ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருந்ததுண்டு” என்றார்.

கார்மேல் சபைத் துறவியான தந்தை ரெஜினால்டு ஃபாஸ்டரைப் பற்றிச் சொன்னபோதோ அவர் கைதட்டியே விட்டார். குழாய் வேலைக்காரரின் மகனாக அமெரிக்காவில் பிறந்த இவர், 40 ஆண்டுகள் வத்திக்கானில் நான்கு திருத்தந்தையரின் இலத்தீன் கடிதங்களை எழுதியவர். 1985 முதல் கோடைதோறும் ரோமில் யார் வந்தாலும் கட்டணமின்றி இலத்தீன் கற்பித்தார். மாலை வேளைகளில் மடத்துத் தோட்டத்து மரத்தடியே வகுப்பறை. பழைய நூல்களில் வரும் இடங்களுக்கு மாணவர்களை அழைத்துப்போய் அங்கேயே நின்று வாசிக்கச் செய்தார். தொழிலாளியின் நீலச் சட்டையையே அணிந்தார். 2020-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று இறைவனடி சேர்ந்தார். அவரிடம் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

ஏட்டுச் சுரைக்காயா?

எங்கள் வகுப்பைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை. “பொதுத் தேர்வு வருஷத்தில் இது தேவையா? கணக்கில் அறுபதைத் தாண்டக் காணோம், இலத்தீன் கேட்கிறதா?” என்று எங்களுள் ஒருத்தியின் தந்தை கேட்டார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்றார் இன்னொருத்தியின் பாட்டி. பெரியவர்கள் எங்கள் நலம் கருதியே சொன்னார்கள். ஆகையால் அவர்கள் கேள்வியையும் சிஸ்டரிடம் கொண்டுபோனோம். அவர் பதில் சொல்லாமல், “அதற்கும் சேதி தேடுங்கள்” என்றார்.

தேடினோம்; கிடைத்தது. 2013 பிப்ரவரி 11-ஆம் நாள். வத்திக்கானில் கர்தினால்மார் கூட்டத்தில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இலத்தீனில் பேசிக்கொண்டிருந்தார். புனிதர் பட்டம் பற்றிய வழக்கமான கூட்டம். செய்தியாளர்கள் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் இத்தாலிய செய்தி நிறுவனமான ‘ஆன்சா’வின் செய்தியாளர் ஜொவான்னா கிர்ரி என்ற பெண்மணிக்கு இலத்தீன் தெரியும். திருத்தந்தை பதவி விலகுகிறார் என்பதை அவர் காதால் கேட்டே புரிந்துகொண்டார். ஏறக்குறைய 600 ஆண்டுகளில் நடக்காத நிகழ்ச்சி! உலகத்துக்கு அச்செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது அவர் வழியாகத்தான். பள்ளியில் படித்த இலத்தீன் அவருக்கு அன்று கைகொடுத்தது.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது, “சரி, ஒருநாள் கறிக்கு ஆயிற்று!” என்று சிரித்தார். ஆனால் கணக்கைப் பற்றிக் கேட்ட தந்தைக்கு இது பதிலாகாது என்பது எங்களுக்குத் தெரியும். இலத்தீன் படித்ததால் யாருக்கும் கணக்கு வந்துவிடாது. அதனால் சனிக்கிழமை காலை கணக்கு, மத்தியானம் இலத்தீன் என்று ஐவரும் சேர்ந்தே படிக்க ஒப்புக்கொண்டோம், அவரும் ஒப்புக்கொண்டார்.

சொல்லத் தயங்கிய சேதி

நவம்பர் மாதத்தில் கிடைத்த ஒரு சேதியைச் சிஸ்டரிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் எங்களுக்குள் வாதாடினோம். இங்கிலாந்து அரசு 2021-இல் 40 இலட்சம் பவுண்டு ஒதுக்கி, 40 அரசுப் பள்ளிகளில் இலத்தீன் கற்பிக்கும் திட்டம் ஒன்றை அறிவித்திருந்தது. பெரும்பாலும் பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளில்தான் இலத்தீன் என்ற நிலையை மாற்றுவதே நோக்கம். 2022 செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கின. ஆனால் 2024 டிசம்பரில், வரும் பிப்ரவரியோடு பணம் நின்றுவிடும் என்ற அறிவிப்பு வந்தது. கல்வியாண்டின் நடுவே! தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நடுவழியில் விடலாமா என்று ஆசிரியர்கள் முறையிட்டார்கள். பொதுத் தேர்வை எதிர்நோக்கி இருக்கும் எங்களுக்கு அந்தப் பிள்ளைகளின் மனநிலை நன்றாகவே புரிந்தது.

‘நல்ல சேதி மட்டும் சொல்வோம், வயதானவரை வருத்துவானேன்’ என்றார்கள் எங்களுள் இருவர். ‘உள்ளதைச் சொல்லத்தானே கேட்டார்’ என்றார்கள் மற்ற மூவர். இறுதியில் சொல்லிவிட்டோம். சிஸ்டர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு தம் கதையைச் சொன்னார்.

“நான் மடத்தில் சேர்ந்தது 1959-இல். எனக்கு வயது பதினேழு. ஜெபம் எல்லாம் இலத்தீன். அப்போது ஒரு வெளிநாட்டுச் சாமியார் எங்களுக்கு இலக்கணம் கற்பித்தார். எனக்கு அதில் அப்படி ஓர் ஆசை! சில வருஷத்தில் எல்லாம் தமிழுக்கு மாறியது. இலத்தீன் புத்தகங்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த வருஷம் லீவுக்கு ஊருக்குப் போனேன். என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஐம்பது வயதுவரை ஒருநாள்கூடப் பூசையைத் தவறவிட்டதில்லை. கோயிலில் என் பக்கத்தில் முழங்காலில் இருந்தவர்கள், ‘சாமியார் என்ன சொல்கிறார் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது, மகளே’ என்று என் காதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் அழவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது பெரிதா, என் ஆசை பெரிதா?”

பின்பு எங்களைப் பார்த்துத் தொடர்ந்தார். “கட்டாயமாக இருந்தபோது இலத்தீனை வெறுத்தவர்கள்தான் அதிகம். கட்டாயம் போனபிறகு அதைப் படிக்கிறவர்கள் ஆசையால் படிக்கிறார்கள். பணம் நின்றால் வகுப்பு நிற்கலாம். ஆசையுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தால் இன்னோர் இடத்தில் மறுபடி தொடங்கும். நீங்கள் கொண்டுவந்த சேதி எல்லாம் அதைத்தானே சொல்கிறது?”

நாங்கள் யோசித்துப் பார்த்தோம். உண்மைதான். கேம்பிரிட்ஜ் குழுவும், சுண்டெலியை வைத்துக் கதை எழுதிய ஆசிரியையும், மரத்தடியில் இலவசமாகக் கற்பித்த துறவியும், தாங்கள் முடிவைக் காணாத அகராதிக்குச் சீட்டு எழுதுபவர்களும் கட்டாயத்தால் உழைக்கவில்லை. கற்பிப்பவரின் அன்பு ஒன்றே அம்மொழிக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஆதாரம். அரசு ஆதரவு அதற்கு வேண்டியதே. நடுவில் நிறுத்தியதால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் துயரமும் உண்மையே. ஆனால் ஆதரவு வரும், போகும். ஆசிரியர் நிற்கவேண்டும்.

இனி என்ன?

வருகிற மே மாதம் சிஸ்டர் தம் சபையின் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். படியேற முடியாத அளவுக்கு முழங்கால் வலி. அவருக்குப் பிறகு நம் பள்ளியில் இலத்தீன் தெரிந்தவர் யாரும் இல்லை. நாங்கள் ஐவரும் தேர்வு எழுதிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடக்கூடும்.

எனவே டிசம்பர் முதல் ஒரு வேலை செய்துவருகிறோம். பாடகர் குழு பாடும் இலத்தீன் பாடல்கள் அனைத்தையும் சொல்லுக்குச் சொல் தமிழ்ப் பொருளோடு ஒரு நோட்டில் எழுதுகிறோம். வேற்றுமைப் பட்டியல் ஒருபுறம். தமிழில் கலந்த இலத்தீன் சொற்கள் மறுபுறம். நாங்கள் தேடிக் கண்ட நூல்கள், மின்நூலகங்கள், வானொலிச் செய்தி ஆகியவற்றின் விவரமும் அதில் உண்டு. சிஸ்டர் ஒவ்வொரு பக்கத்தையும் எங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்துகிறார். மியூனிக் நகரத்து 1 கோடி சீட்டுகளுக்கு முன்னால் எங்கள் 80 பக்க நோட்டு எம்மாத்திரம்! ஆயினும் நம் பள்ளிக்கு அது போதும். தொடக்கமாக இருக்கப் போதும்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களின் அனுமதியோடு, பிப்ரவரி மாதச் சனிக்கிழமைகளில் பகல் இரண்டு மணிக்குப் பாடகர் அறையில் உங்களுக்குச் சொல்லித் தரப் போகிறோம். சிஸ்டர் நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது, பரிசும் கிடையாது. வரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் வந்தால், முதியோர் இல்லத்துக்கு நாங்கள் எழுதப்போகும் முதல் கடிதத்தில் அந்தச் சேதியைத்தான் முதலில் எழுதுவோம்.